டெல்டாக்காரங்க நேபாளம் போயி மலை ஏறி ராஃப்டிங் பண்றது எப்படி

எங்க ஊருப் பக்கம் நேபாளம் போறேன்னு சொன்னாலே முக்திநாத்துக்கான்னுதான் கேப்பாங்க. கும்பகோணத்த சுத்தி இருக்குற பெருமாள் கோயிலெல்லாம் சேவிச்சு முடிச்ச பெரியவங்க, 108 திவ்யதேசத்துல பாக்கி இருக்குற ஒண்ணுன்னு டூர்ல போயி குளிருல நடுங்கிட்டு வருவாங்க, அந்த முக்திநாத்த சாளக்கிராமம்னு பாடின திருமங்கையாழ்வாரே நம்ம சீர்காழிப் பக்கம் திருக்குறையலூர்க்காரருதான், அதனால அந்த ஊருக்கும் நமக்கும் பழக்கம் புதுசில்ல. ஆனா நான் சொல்ல வர்றது கோயில் டூர் இல்ல. பைய முதுகுல மாட்டிக்கிட்டு நாலு நாள் மலைல நடந்து, ஒரு நாள் ரப்பர் போட்டுல ஆத்துல எறங்கி, உடம்பு நோக ஊர் திரும்புற லீவு. நான் ரெண்டு தடவ போயிட்டு வந்தேன், ரெண்டு தடவயும் ஆளாளுக்கு போன் பண்ணி அதே கேள்விங்களத்தான் கேக்குறாங்க, அதான் ஒரே இடத்துல எழுதி வெச்சிடுறேன்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சிக்கணும். நம்மூர்ல மேடுன்னா வாய்க்கா கரைதான். தஞ்சாவூரே கடல் மட்டத்துலேர்ந்து 60 மீட்டருக்குள்ள இருக்கு, காவேரி பொறக்குற தலைக்காவேரி கூட 1,276 மீட்டர்தான், ஊட்டி தொட்டபெட்டா 2,637. நேபாளத்துல புதுசா போறவங்களுக்குன்னு சொல்ற பூன் ஹில்லே 3,210 மீட்டர். அங்க அத மலைன்னு கூட சொல்றதில்ல, பேர்லயே ஹில்தான். அதுக்காக பயப்பட வேணாம், அறுபது வயசுக்காரங்க ஏறுறாங்க, பத்து வயசுப் பசங்க ஏறுறாங்க. ஆனா நடவு நட்டவன், மூட்ட தூக்குனவன், நமக்கு என்ன கால் வலிக்கப் போவுதுன்னு நெனச்சிக்கிட்டு போனா அங்க நாக்கு தள்ளிடும். அத விட ஆபத்து, ஆத்தோரம் பொறந்தவனுக்கு ஆத்தப் பத்தி யாரு சொல்லித் தரணும்ங்குற திமிரு. அதுக்கு அப்பறம் வர்றேன்.

எப்ப போகலாம்? ஊரு உலகம் அக்டோபர் நவம்பர்தான் பெஸ்ட்டுன்னு சொல்லும், வானம் துடைச்சு வெச்ச மாதிரி இருக்கும், உண்மதான். ஆனா நமக்கு அப்ப ஐப்பசி அடைமழை, சம்பாப் பயிரு தண்ணில நிக்கும், வயல் வெச்சிருக்குறவன் வீட்ட விட்டு எங்க நகர்றது. அதனால என் கணக்குல பங்குனி சித்திரைதான் நமக்கு சரி. தை மாசில அறுப்பு முடிஞ்சு, உளுந்து பயறும் எடுத்தாச்சுன்னா கையிலயும் கொஞ்சம் காசு இருக்கும், பசங்களுக்கும் பரிட்ச முடியுற நேரம். அங்கயும் மார்ச் ஏப்ரல்ல பூன் ஹில்லுக்குக் கீழ இருக்குற கோரேபானி பக்கத்து காடு பூரா லாலி குராஸ்னு ஒரு செவப்புப் பூ, அவங்க தேசியப் பூ அது, மரம் மரமா பூத்து கெடக்கும். கொறன்னு பாத்தா கொஞ்சம் புகை மூட்டம் இருக்கும், மத்தியானத்துக்கு மேல மேகம் போட்டு மலைய மறைச்சிடும், அதனால காலைல அஞ்சு மணிக்கே எந்திரிக்கணும். ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் போகவே போகாதீங்க, மழை, நிலச்சரிவு, அட்டை. அட்டை நமக்குப் புதுசில்லதான், உப்போ பொகையிலையோ வெச்சா உதிர்ந்துடும், ஆனா ரோடு உதிர்ந்தா என்ன பண்றது. 2024 ஜூலைல சிமல்தால்ங்குற இடத்துல நிலச்சரிவு ரெண்டு பஸ்ஸ அப்படியே திரிசூலி ஆத்துக்குள்ள தள்ளிட்டுப் போயிடுச்சு, அதுவும் ராத்திரி நேரம். அதனால மலை ரோட்டுல ராத்திரி பஸ் எந்த மாசமும் வேணாம்.

அக்டோபர்ல போறவங்களுக்கும் ஒண்ணு சொல்லிடுறேன், நம்ம வங்காள விரிகுடா புயல் அங்க வரைக்கும் கை நீட்டும். 2014 அக்டோபர்ல ஹுத்ஹுத் புயல் விசாகப்பட்டினத்துல கரையக் கடந்து, மிச்சம் மீதி நேபாளத்துக்குப் போயி 5,416 மீட்டர் தோரோங் லா கணவாய்ல பனிப்புயலா அடிச்சுது, நாப்பது பேருக்கு மேல செத்துப் போனாங்க. கஜா அடிச்சப்ப வீட்டுக்குள்ள ஒக்காந்திருந்த நமக்குத் தெரியும் புயல்னா என்னன்னு. கடல்ல புயல் சின்னம்னு நியூஸ்ல சொன்னா மலைல இருக்குற நீங்களும் ரெண்டு நாள் தங்கி பாத்துட்டுப் போங்க, டிக்கெட்டு போச்சுன்னா போவட்டும்.

பேப்பர் சமாச்சாரம் சுருக்கமா. நமக்கு விசா தேவையில்ல. பாஸ்போர்ட்டு இல்லன்னா ஓட்டர் ஐடி, ரெண்டுல ஒண்ணு ஒரிஜினலா கையில இருக்கணும். ஆதார் காட்டிக்கலாம்னு போயி ஏர்போர்ட்ல நின்னவங்கள பாத்திருக்கேன், 15 வயசுக்குக் கீழ, 65 வயசுக்கு மேல இருக்குறவங்களுக்குத்தான் அது. பணம், நம்ம 100 ரூபா அவங்க 160 ரூபா, கணக்கு ரொம்ப வருசமா மாறல, கடைக்காரரு ஐ.சின்னா நம்ம காசு என்.சின்னா அவங்க காசு, வெல பேசுறப்பவே எதுன்னு கேட்டுக்கணும், இல்லன்னா ஆயிரம்னு சொன்னத நம்ம ஆயிரமா குடுத்துட்டு வந்துடுவீங்க. நோட்டு நூறு நூறா வெச்சிக்கிறதுதான் சௌகரியம். காட்மாண்டுலயும், மலைக்குக் கெளம்புற ஊரான பொக்காராவுலயும் நெறைய கடைல நம்ம யுபிஐ ஓடுது, மேல போயிட்டா சிக்னலும் இல்ல ஏடிஎம்மும் இல்ல, கையில காசுதான். பூன் ஹில் இருக்குற அன்னபூர்ணா ஏரியாவுக்குள்ள நடக்க பெர்மிட் வாங்கணும், சார்க்குங்குற தெற்காசிய நாட்டுக்காரங்களுக்கு 1,000 நேபாள ரூபா, அதாவது நம்ம காசு 625. வெள்ளக்காரங்களுக்கு 3,000, அதனால இந்தியன்னு சொல்லி ஐடிய முன்னாடியே நீட்டுங்க.

போறதுக்கு ரெண்டு வழி. காசு இருந்தா உழவன் எக்ஸ்பிரஸோ மன்னை எக்ஸ்பிரஸோ புடிச்சு சென்னை, அங்கேர்ந்து டெல்லி, டெல்லிலேர்ந்து காட்மாண்டு ஃபிளைட், எடது பக்க ஜன்னல் கேட்டு வாங்குங்க, வரிசையா பனிமலை தெரியும். நேரம் இருந்தா சென்னை வழியா போற ராப்திசாகர் எக்ஸ்பிரஸ்ல கோரக்பூர் வரைக்கும், ரெண்டு நாளைக்கு கிட்ட ஆவும், அங்கேர்ந்து பஸ்ல சுனௌலி பார்டர், நடந்தே அந்தப் பக்கம் போயிடலாம், அங்கேர்ந்து பொக்காரா ஒரு பகல் பஸ். பார்டர் தாண்டுனதும் வாட்ச்ச 15 நிமிசம் முன்னாடி வெச்சிக்கணும், அவங்க நேரம் அப்படி ஒரு கணக்கு. முத தடவ நான் ஊர்ல ஒரு ஏஜெண்டு மூலமா போனேன், பேரு வேணாம், எல்லாம் சேத்துதான் சார்னு சொன்னாரு, அங்க போயி பாத்தா ராஃப்டிங்கும் இல்ல பெர்மிட்டும் இல்ல எல்லாத்துக்கும் தனிக்காசு. அதனால பொக்காரா வரைக்கும் நீங்களே போயிடுங்க, லேக்சைடுல தெருவுக்கு பத்து ட்ரெக்கிங் ஆபீஸ் இருக்கு, நேர்ல பாத்து பேசி எழுதி வாங்கிக்கிறது மேல்.

இப்ப கால். இதுதான் முக்கியம், இத மூணு மாசம் முன்னாடியே ஆரம்பிக்கணும். நம்மூர்ல மலை இல்லயே எங்க போயி பழகுறதுன்னு கேப்பீங்க. நான் பண்ணது என்னன்னா, பையில எட்டு கிலோ அரிசிய போட்டு முதுகுல மாட்டிக்கிட்டு மொட்டமாடி படில ஏறி எறங்குனேன், பக்கத்து வீட்டு பெரியம்மா என்னடா தம்பி அரிசிய எங்க ஒளிச்சு வெக்கிறன்னு கேட்டுச்சு. அப்பறம் வாரத்துக்கு ரெண்டு நாள் சுவாமிமலை, அறுவது படி, தமிழ் வருசம் அறுவதுக்கு ஒண்ணு, பிரபவலேர்ந்து அட்சய வரைக்கும் இருவது தடவ ஏறி எறங்குனா ஆயிரத்து எறநூறு படி. கோயில்ல கூட்டம் இல்லாத நேரமா பாத்து மெதுவா பண்ணுங்க, வேண்டுதல்னு நெனச்சிக்குவாங்க. ஞாயித்துக்கெழம வண்டி எடுத்துக்கிட்டு திருச்சி தாண்டி குளித்தலை பக்கம் அய்யர்மலை, ஆயிரத்துக்கு மேல படி, வெயிலுக்கு முன்ன ஏறிடணும். இன்னும் வேணும்னா கொல்லிமலை ஆகாயகங்கை, அது எறங்கிப் போயி ஏறி வர்ற கணக்கு. எதுக்கு இவ்ளோன்னா பூன் ஹில் வழில உல்லேரின்னு ஒரு எடம், அந்த ஒரே ஏத்தத்துல மட்டும் மூவாயிரத்துக்கு மேல கல்லுப்படி, ஒண்ணும் ஒரே அளவு கெடையாது.

எல்லாரும் ஏறுறதுக்குத்தான் பழகுறாங்க, அங்கதான் தப்பு. ஏத்தத்துல மூச்சு வாங்குனா நின்னுக்கலாம், யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. எறங்குறப்பதான் முட்டி கழண்டு கைல வரும். மூணாவது நாள் கோரேபானிலேர்ந்து தடாபானிக்கு எறங்குறப்ப என் கால் நகம் ஷூ முனைல இடிச்சு இடிச்சு, சாயங்காலம் கழட்டிப் பாத்தா ரெண்டு கட்டைவெரலும் கருநாவப்பழ கலரு. நகத்த ஒட்ட வெட்டிட்டுப் போங்க, ஷூ அரை சைசு பெருசா வாங்குங்க, நம்ம காலு செருப்புல வளந்த காலு, முன்னாடி அகலம், ஒடுக்கமான ஷூவுல போட்டா செத்துடும். வாங்குன ஷூவ ஊர்லயே ஒரு மாசம் போட்டு நடந்து காலுக்குப் பழக்குங்க. எறங்கறதுக்குன்னே ரெண்டு கம்பு, ட்ரெக்கிங் போல்னு வாடகைக்கு கெடைக்கும், கெழவன் மாதிரி இருக்குமேன்னு வெக்கப்படாம வாங்கிக்குங்க. படிப் பயிற்சிலயும் ஏறுறத வேகமா ஏறிட்டு எறங்குறத ஒவ்வொரு படியா ரெண்டு செகண்டு நின்னு எறங்குங்க, தொடை எரியும், அதுதான் வேணும்.

வழி இதுதான். பொக்காராவுலேர்ந்து நயாபுல், ஜீப் இப்ப உல்லேரி வரைக்குமே போவுது, நான் சொல்றது நயாபுல்லயே எறங்கி நடங்க, உடம்பு பழகும். முத ராத்திரி திக்கேதுங்கா இல்ல உல்லேரி, ரெண்டாவது ராத்திரி கோரேபானி, மூணாவது நாள் விடியக்காத்தால நாலரைக்கு டார்ச் கட்டிக்கிட்டு ஒரு மணி நேரம் ஏறுனா பூன் ஹில். தௌலாகிரி, அன்னபூர்ணா சவுத், மீன் வால் மாதிரி மச்சாபுச்ரே, எல்லாம் ஒண்ணொண்ணா வெளக்கேத்துன மாதிரி நுனிலேர்ந்து மஞ்சளாவும். எனக்கு அப்ப பேச்சே வரல, பக்கத்துல மாப்ள, என் வீட்டுக்காரி தம்பி, மாமா இது கம்ப்யூட்டர் வால்பேப்பர் மாதிரியே இருக்குன்னு சொன்னான், கெடுத்துட்டான். அன்னைக்கே தடாபானி, மறுநா காந்த்ருக் கிராமம், அங்கேர்ந்து ஜீப்ல பொக்காரா. கைடு ஒருத்தரு வெச்சிக்குங்க, 2023லேர்ந்து வெளிநாட்டுக்காரங்களுக்கு கைடு கட்டாயம்னு சட்டமே போட்டாங்க, சட்டம் கெடக்கட்டும், வழி தெரிஞ்ச ஆளு பக்கத்துல இருந்தா நமக்குத்தான் நிம்மதி. அண்ணேன்னு கூப்பிட அவங்க பாஷைல தாய்ம்பாங்க, அக்காவுக்கு திதி. ஆம்பளைய தாய்னும் சோறு போடுற அக்காவ திதின்னும் கூப்பிட எனக்கு ஒரு நாள் ஆச்சு, நம்மூர்ல திதின்னா பிண்டம் வெக்கிற நாளாச்சே. இன்னொரு வார்த்தை பிஸ்தாரி, மெதுவான்னு அர்த்தம், கைடு நாளைக்கு அம்பது தடவ சொல்லுவாரு, கேளுங்க.

கோவேறு கழுதைங்க மணி அடிச்சுக்கிட்டு மூட்ட சொமந்து வரும், அப்ப மலை பக்கமா ஒட்டி நிக்கணும், பள்ளத்துப் பக்கம் நின்னா இடிச்சுத் தள்ளிட்டு அது பாட்டுக்குப் போயிடும், திரும்பிக் கூட பாக்காது.

ஒசரம் ஏற ஏற காத்துல பிராணவாயு கம்மி. 2,500 மீட்டருக்கு மேல யாருக்கு வேணா தலவலி வரும், வாந்தி வர்ற மாதிரி இருக்கும், சோறு எறங்காது, தூக்கம் புடிக்காது. ஜிம்முக்குப் போறவன் போகாதவன்னு அது பாக்காது. பூன் ஹில்லுக்கு பெரும்பாலும் லேசாத்தான் இருக்கும், ஆனா அடுத்த தடவ 4,130 மீட்டர் அன்னபூர்ணா பேஸ் கேம்ப், 5,364 மீட்டர் எவரெஸ்ட் பேஸ் கேம்ப்னு போறவங்க இத மனப்பாடம் பண்ணிக்கணும். 3,000க்கு மேல போயிட்டா ராத்திரி படுக்குற ஒசரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல ஏறக் கூடாது, மூணு நாலு நாளைக்கு ஒரு நாள் ஓய்வு. தலவலி இருக்குறப்ப மேல ஏறக் கூடாது. நடக்குறப்ப தள்ளாடுனா, பேச்சு கொளறுனா, சும்மா ஒக்காந்திருக்கறப்பவே மூச்சு எரைச்சா, ராத்திரின்னு பாக்காம கீழ எறக்கிடணும், அதுக்கு மருந்து எறங்குறதுதான். டயமாக்ஸ்னு ஒரு மாத்தர இருக்கு, அத ஊர்ல டாக்டர பாத்துட்டு வாங்கிக்குங்க, மெடிக்கல்ல நீங்களா கேட்டு முழுங்க வேணாம், சல்ஃபா அலர்ஜி இருக்குறவங்க கட்டாயம் சொல்லணும். பெரியவங்கள முக்திநாத்துக்கு கூட்டிட்டுப் போறவங்களுக்கும் இதேதான், 820 மீட்டர் பொக்காராவுலேர்ந்து ஒரே நாள்ல 3,700க்கு ஜீப்ல ஏத்திட்டுப் போயி, 108 தாரைலயும் ஐஸ் தண்ணில தலைய நனைக்க வெச்சா எந்த பிரஷர்காரரு தாங்குவாரு. நடுவுல ஜோம்சோம்லயோ மார்ஃபாலயோ ஒரு ராத்திரி தங்க வெச்சு கூட்டிட்டுப் போங்க. மார்ஃபா ஆப்பிள் நல்லா இருக்கும்.

சாப்பாட்டுக்கு கவலையே வேணாம், சோத்துக்காரனுக்கு இத விட நல்ல நாடு கெடையாது. தால் பாத்துன்னு சோறு பருப்பு காய் ஊறுகாய், கேட்டுக் கேட்டு மறுபடி போடுவாங்க, ஒரு தட்டு வெலதான். எங்க மாப்ள மூணாவது தடவ சோறு வாங்குறப்ப அந்த திதியே சிரிச்சிருச்சு. பீட்சா நூடுல்ஸ்னு மெனு நீளமா இருக்கும், அந்தப் பக்கமே போவாதீங்க, மேல போறப்ப கறியும் வேணாம், அது கீழேர்ந்து எத்தன நாளா தூக்கிட்டு வந்த கறியோ. வீட்லேர்ந்து பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், நார்த்தங்கா ஊறுகாய் எடுத்துட்டுப் போங்க, மூணாவது நாள் நாக்கு செத்துப் போறப்ப அமிர்தம். தண்ணி காய்ச்சுனதா பாத்து குடிங்க. தங்குற லாட்ஜ டீ ஹவுஸ்ம்பாங்க, ரூம் வாடக கொஞ்சம்தான், ஆனா சாப்பாடு அங்கயே சாப்பிடணும், சுடுதண்ணி, சார்ஜ் போடறதுக்கெல்லாம் தனிக்காசு கேப்பாங்க, அது நியாயம்தான், எல்லாம் முதுகுல தூக்கிட்டு வந்தது. துணி, காட்டன் பனியன் போட்டு நடந்தா வேர்வைல நனைஞ்சு குளிருல ஒட்டிக்கும், வெளையாட்டுக்காரங்க போடுற பாலியெஸ்டர் டீஷர்ட்டு, மேல ஒரு ஃப்ளீஸ், அதுக்கு மேல மழைக்கோட்டு. ஆனா ஒரு லுங்கி கட்டாயம். துணி மாத்த, தலை தொவட்ட, ஒத்த லுங்கி பத்து வேல செய்யும். மோதிரம், மெட்டி எல்லாம் ஊர்லயே கழட்டிடுங்க, ஒசரத்துல வெரல் வீங்கும்.

ஆத்துக்கு வர்றேன். எங்க மாப்ள அணைக்கரைல பொறந்தவன், கொள்ளிடத்துல குதிச்சு வளந்தவன். ஆடிப்பெருக்கன்னைக்கு பாலத்துலேர்ந்து குதிச்ச கதைய நூறு தடவ சொல்லியிருக்கான். திரிசூலி ஆத்தப் பாத்ததும், மாமா இது நம்ம வெண்ணாத்து அகலம் கூட இல்ல, இதெல்லாம் ஒரு ஆறான்னான். அகலம் இல்லன்னா தண்ணி எங்க போவும், ஆழத்துலயும் வேகத்துலயும்தான போவும். நம்ம காவேரி கல்லணைலேர்ந்து கடலுக்கு நூறு கிமீக்கு மேல ஓடியும் அறுவது மீட்டர் கூட எறங்குறதில்ல, அதனால சாவகாசமா போவுது, நம்ம ஊர்ல பயப்பட வேண்டியது மணல் அள்ளுன குழியும் மதகுகிட்ட சுழலும்தான். திரிசூலி மலைலேர்ந்து பாறை மேல விழுந்து பொரண்டு வர்ற பனித்தண்ணி. உள்ள விழுந்தா முத அரை நிமிசம் மூச்சே நெஞ்சுல அடச்சிக்கும், குளிருக்கு. பாறைல மோதி தண்ணி அலையடிக்கிற எடத்த ராப்பிடும்பாங்க, மூணாவது ராப்பிட்ல போட்டு ஒரு பக்கமா தூக்குச்சு, பாத்தா மாப்ள எடத்துல மாப்ள இல்ல. தலை வெளிய வந்ததும் கொள்ளிடத்துல நீந்துற மாதிரி கரையப் பாத்து கைய வீசி வீசி நீந்துறான், தண்ணி அவன நேரா பாறைக்குக் கொண்டு போவுது. கைடு கத்துறாரு, கால மேல தூக்கு கால மேல தூக்குன்னு. ஆழம் கொறஞ்ச எடம் வந்ததும் இவன் எந்திரிச்சு நிக்கப் பாத்தான் பாருங்க, அதுதான் செய்யக் கூடாத முத காரியம், பாறை இடுக்குல கால் மாட்டுனா தண்ணி முதுக அழுத்தி மூஞ்சிய உள்ள அமுக்கிடும், இடுப்பளவு தண்ணியே போதும். நல்ல வேளை கைடு கயித்துப் பைய வீசினாரு, புடிச்சிக்கிட்டான், முட்டி தோலு உரிஞ்சதோட போச்சு. மத்தியானச் சாப்பாடு வரைக்கும் ஒரு வார்த்த பேசல.

அதனால விழுந்தா என்ன பண்ணணும்னு இப்பவே படிச்சிக்குங்க. மல்லாக்கப் படுக்கணும், காலு ஆறு போற பக்கம், பாதம் தண்ணிக்கு மேல தெரியணும், பாறை வந்தா காலால ஒதைச்சிக்கலாம். நீந்தாம மெதந்துக்கிட்டே வேகம் கொறையுற எடம் வந்தா அப்பறம் கரைய நோக்கி நீந்தலாம். கயிறு வீசுனா கயித்தப் புடிக்கணும், கைல சுத்திக்கக் கூடாது, தோள் மேல போட்டுக்கிட்டு மல்லாக்கவே கெடக்கணும். துடுப்போட மேல் நுனி இங்கிலீஷ் T மாதிரி இருக்கும், அதுலேர்ந்து கைய எடுக்கவே கூடாது, எடுத்தா அது பக்கத்துல இருக்குறவன் பல்ல ஒடச்சிடும். ஃபார்வர்டுன்னா துடுப்பு போடு, கெட் டவுன்னா போட்டுக்குள்ள ஒக்காந்து கயித்தப் புடி, அவ்ளோதான் பாஷ, ஆனா சொன்ன செகண்டுல செய்யணும், எதுக்குன்னு கேள்வி கேக்கக் கூடாது.

எந்த ஆறுன்னு எப்படி முடிவு பண்றது? ஆத்த 1லேர்ந்து 6 வரைக்கும் கிரேடு போட்டு வெச்சிருக்காங்க. 1ன்னா நம்ம வாய்க்கா. 2, 3ல அலை அடிக்கும், நனைவீங்க, கத்துவீங்க, புதுசா போறவங்களுக்கு அது போதும். 4 அனுபவம் உள்ளவங்களுக்கு, 5 ரொம்பத் தேர்ந்தவங்களுக்கு, 6 யாருக்குமே வேணாம். நீச்சல் தெரியாதவங்க, பசங்க இருந்தா தமௌலிலேர்ந்து எறங்குற சேத்தி ஆறு, தண்ணியும் அவ்ளோ குளிராது. முத தடவக்கு திரிசூலி, பங்குனி சித்திரைல தண்ணி அளவா இருக்கும். காளி கண்டகி மூணு நாள், ஆத்தோரம் மணல்ல டெண்ட் போட்டு தூங்குறது, ரெண்டாவது தடவைக்கு வெச்சிக்குங்க. சுன்கோசி 270 கிமீ, எட்டு பத்து நாள். போட்டேகோசி ரொம்ப முரட்டு ஆறு, பேர கேட்டா சிரிச்சுட்டு அடுத்த ஆத்தப் பத்திப் பேசுங்க.

ஆபீஸ்ல காசு கட்றதுக்கு முன்னாடி ஹெல்மெட்டு இருக்கா, கூடவே ஒரு சேஃப்டி கயாக்கு வருதான்னு கேளுங்க, கயாக்குன்னா ஒத்த ஆளு ஓட்டுற சின்ன போட்டு, விழுந்தவங்கள பொறுக்கி எடுக்க. இல்லன்னு சொன்னா அடுத்த ஆபீஸ். ஜாக்கெட்ட மாட்டிக்கிட்டு இன்னொருத்தர தோள்பட்டைய புடிச்சு மேல தூக்கச் சொல்லுங்க, ஜாக்கெட்டு காது வரைக்கும் ஏறுச்சுன்னா லூசு, மாத்திக் கேளுங்க, வெக்கப்படாதீங்க. கண்ணாடி போடுறவங்க பின்னால நூல் கட்டிக்குங்க. செயின், வளையல், மொபைல் எல்லாம் பஸ்லயே பையோட. தாலிச் செயின கழட்ட மனசு வராதவங்க ஊர்லேர்ந்தே மஞ்சக் கயித்துல கோத்துக்கிட்டு வர்றது நல்லது, என் வீட்டுக்காரி அப்படித்தான் வந்தா. ராத்திரி தண்ணி போட்டவன காலைல போட்டுல ஏத்தாதீங்க, சண்டை வந்தாலும் பரவால்ல.

நாள் கணக்கு சரியா வர ஒரு வழி இருக்கு. திரிசூலி, பொக்காரா காட்மாண்டு ரோட்டோரமாவே ஓடுற ஆறு. அதனால நாலு நாள் நடந்துட்டு பொக்காராவுல ஒரு நாள் ஏரிக்கரைல கால நீட்டி ஒக்காந்து, மறுநா காட்மாண்டு போற வழிலயே ஆத்துல எறங்கிடலாம். ராஃப்டிங்காரங்களே பைய வண்டில கொண்டு வந்து முடியுற எடத்துல குடுப்பாங்க, சாயங்காலம் காட்மாண்டு பஸ்ஸ ரோட்லயே புடிச்சு விடுவாங்க. அன்னைக்கே ராத்திரி ஃபிளைட்டு மட்டும் போட்டுடாதீங்க, அந்த ரோட்டுல டிராஃபிக் நின்னா நின்னதுதான். நடுவுல ஒரு ராத்திரி காட்மாண்டுல வெச்சிக்குங்க, ஊருக்கு ஊரு கணக்குப் போட்டா பத்து நாள், ட்ரெயின்ல போனா பதினாலு.

இன்சூரன்ஸ் எடுக்குறப்ப எத்தன மீட்டர் ஒசரம் வரைக்கும் செல்லும், ஹெலிகாப்டர் செலவு சேருமா, ராஃப்டிங் சேருமான்னு மூணையும் படிச்சுப் பாத்து எடுங்க, பாதி பாலிசில சாகச வெளையாட்டு சேராதுன்னு சின்ன எழுத்துல போட்டிருப்பான். பங்குனிக்குப் போறதா இருந்தா மார்கழிலயே படி ஏற ஆரம்பிச்சிடுங்க, குளிருக்கும் இதமா இருக்கும், சுவாமிமலைல காலைல வெண்பொங்கலும் கெடைக்கும்.